பூஜ்யத்துக்குக் கீழே

அவள் போர்டு உடைத்ததை நான் முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். அன்றைய நாட்குறிப்பில், தண்ணீர் லாரி வந்த நேரத்துக்கும் மின்சாரம் போன நேரத்துக்கும் நடுவில் அது ஒரு வரியாக இருக்கிறது: 'கீழ்வீட்டுப் பெண் தானே செய்ததைத் தானே குறடால் உடைத்தாள். காரணம் விளங்கவில்லை.'

மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்க இறங்கியிருந்தேன். திருவொற்றியூரில் அந்த வீட்டு மாடியில் நான் தனியாக இருக்கிறேன். கீழ்ப்பகுதிக்கு அவளும் அவள் கணவரும் எட்டு வயது மகளும் குடிவந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சமையலறை மேடையில் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டுத் தகடு. அதன்மேல் செம்புக் கோடுகள். கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். வெறுங்கண்ணுக்கு ஒரு கறையாகத் தெரிந்த இடத்தில் இருபது கோடுகள் ஓடின. ராயபுரத்தில் மேம்பாலத்தில் நின்று தண்டவாளங்கள் பிரிவதைப் பார்ப்பதுபோல, ஒன்றை ஒன்று தொடாமல் வளைந்து, பிரிந்து, ஆளுக்கொரு புள்ளியில் போய் நின்றன.

"இதை நீயா செஞ்ச பிள்ள?" என்றேன். எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். வாய் இன்னும் மாறவில்லை.

"மூணாவது கோடு பாருக்கா. நடுவுல."

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"கடிச்சிகினு கீது பாரு."

நன்றாக உற்றுப் பார்த்த பிறகு தெரிந்தது. எலி லேசாகப் பல் வைத்ததுபோல அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு குழி. நான் கண்ணாடியை எடுப்பதற்குள் அவள் குறடால் தகட்டைப் பிடித்து மடக்கினாள். சடக்கென்று இரண்டானது. மூன்று நாள் வேலை என்று அதற்கு முன்தான் சொல்லியிருந்தாள்.

"ஏன், அது வேலை செய்யாதா?"

"செய்யும்."

"பின்ன?"

"இன்னிக்கு செய்யும். நாளிக்கு சூடாயி அந்த எடத்துல அறுந்துச்சுன்னா நடுக்கடல்ல எவன் பாப்பான்? தப்பு என் கையில. சோடாத் தண்ணில ரெண்டு செகண்டு ஜாஸ்தியா வுட்டேன்."

அவள் குரலில் வருத்தம் இல்லை. கோபமும் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். தப்பு என் கையில் என்ற அந்த வாசகத்தை அடுத்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டேன் என்று எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிற நான் அதை விட்டிருக்கிறேன்.

காசிமேட்டுப் படகுகளில் மீன் காட்டும் மெஷின், ஒயர்லெஸ் பெட்டி இவற்றின் உள்ளே உப்புக் காற்றில் அரித்துப்போன போர்டுகளுக்கு மாற்றுப் போர்டு செய்து தருவது அவள் தொழில். கம்பெனி அந்த மாடலைச் செய்வதை நிறுத்தியிருக்கும். படகுக்காரரிடம் புதிது வாங்க வழி இருக்காது. பழைய போர்டை இவளிடம் கொண்டுவருவார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் போர்டுகளைச் சோதிக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். அங்கே மெஷின் செய்ததை இங்கே சமையலறையில் செய்தாள்.

செய்யும் முறையைப் பல காலை நேரங்களில் நின்று பார்த்திருக்கிறேன். செம்புத் தகட்டைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துக் கழுவுவாள். அதன்மேல் நீல நிறத்தில் ஒரு மெல்லிய படலத்தை வைத்து, அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டும் மெஷினுக்குள் விடுவாள். மெஷின் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழையதாக வாங்கியது. கோடுகளை மட்டும் வெறுமையாக விட்டு மற்ற இடமெல்லாம் கருப்பாக அச்சான கண்ணாடித்தாளை, மை உள்ள பக்கம் தகட்டைத் தொடும்படி அதன்மேல் கவிழ்ப்பாள். மை மேல் பக்கம் இருந்தால் வெளிச்சம் உள்ளே கசிந்து கோடு தடித்துவிடும். பிறகு விளக்கு. அழகு நிலையத்தில் நகப்பூச்சைக் காயவைக்கும் ஊதா விளக்குதான் அது. அறுபத்தைந்து செகண்டு. அப்புறம் சலவைச் சோடா கரைத்த நீரில் போட்டுத் தூரிகையால் வருடுவாள். வெளிச்சம் படாத இடம் கரைந்து போகும். கடைசியில் காபி டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும் அமிலத் தட்டு. வேண்டாத செம்பை அது தின்றுவிடும். இட்லிப் பானைக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி. முதல் நாள் அதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எல்லாம் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும். பகலில் கடல்காற்று ஈரத்தோடு வந்தால் நீலப் படலம் ஒட்டாமல் உரிந்துகொள்ளும். விடியற்காலையில் மேற்கேயிருந்து வரும் காய்ந்த காற்றில்தான் ஒட்டும். "தரக்காத்துதாங்கா நல்ல காத்து. கலீஜ் பண்ணாது," என்பாள்.

கோட்டின் அகலத்தை அளக்க அவளிடம் கருவி எதுவும் இல்லை. தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கோட்டின் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி வழியே பார்ப்பாள். சாதாரண வேலைக்குத் தன் முடி. நுணுக்கமான வேலைக்கு மகளின் முடி. அது இன்னும் மெல்லியது. "இது பாப்பா முடி வேல," என்று ஒரு வேலையைப் பற்றிச் சொன்னால், அன்று அவளோடு யாரும் பேசக் கூடாது என்று பொருள். அந்தப் பெண்குழந்தை தலைசீவும்போது சீப்பை அம்மாவிடம் நீட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகும்.

ஒருமுறை ஒரு படகுக்காரர் மீன் காட்டும் மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

"இன்னாம்மா, உன் போர்டு நட்டாத்துல வுட்டுட்ச்சி."

"ஆத்துல ஏன் நைனா போனே, கடல்ல இல்ல போவணும்," என்றாள்.

"நக்கலு. மூணு நாளா கண்ணக் கட்டி வுட்டா மாரி சுத்திகினு வர்றோம். மீனு சிரிக்குது."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "தப்பு என்னுது நைனா. வெச்சிட்டுப் போ. நாளான்னிக்கு வா, வேற தர்றேன்."

அவர் போன பிறகு மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பீடிக்கட்டு, ஒரு தீப்பெட்டி, கனமாக உப்புப் பூத்த போர்டு. மெஷினின் வயிறுதான் படகிலேயே ஈரம் படாத இடம் என்று அந்த மனிதர் கண்டுபிடித்திருக்கிறார். பீடி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கடல் உள்ளே போயிருக்கிறது.

"அவரு பீடி வைக்கத் தொறந்தாரு. நீ எதுக்கு உன் தப்புன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"பீடி வெக்கிற அளவுக்கு உள்ள எடம் வுட்டது யாரு? நான்தான? சின்னதா செஞ்சி பொட்டியையும் சின்னதா போட்டா எங்க வெப்பான்."

அப்படியே செய்து கொடுத்தாள். புதிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த படகுக்காரர், "பீடிக்கு வேற வூடு பாக்கணும்," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். பழைய போர்டை அவள் உடைத்துக் குப்பையில் போட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் துணிக் கொடி அறுந்து ஈரத்துணி எல்லாம் சாம்பலில் விழுந்தது. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்து படிகிற சாம்பல். தினமும் பெருக்கினாலும் தினமும் இருக்கும். கொடியைக் கட்டியவள் நான். பழைய நைலான் கயிறு என்று தெரிந்தே கட்டினேன். சொல்ல வாயெடுப்பதற்குள், "நான் பெட்சீட்டை முறுக்காம போட்டேங்கா, தப்பு என்னுது," என்று அவள் எல்லோருடைய துணியையும் வாரிக்கொண்டு கீழே போய்த் துவைத்தாள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் குழந்தைக்கு இளைப்பு தொடங்கியது. முதலில் விடியற்காலையில் மட்டும். பிறகு படி ஏறினால். கடைசியில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் நின்று தோளைத் தூக்கி மூச்சு வாங்கும். டாக்டர், வீட்டில் புகை, ஆசிட், பெயின்ட் ஏதாவது புழங்குகிறதா என்று கேட்டிருக்கிறார். அவள், ஆமாம் ஆசிட் இருக்கிறது என்று உடனே சொல்லியிருக்கிறாள். கூடப் போயிருந்தவர் அவள் கணவரின் அக்கா. மாதவரத்தில் பால் காலனிப் பக்கம் இருப்பவர்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் பேசியது மாடி வரை கேட்டது.

"ஆசிட்ட அடுப்பாண்ட வெச்சிகினு, புள்ளைக்கு மூச்சு வரலன்னா எங்கருந்து வரும்? இவ மீனவனுக்கு மீன் காட்றாளாம். பெத்த புள்ள மூஞ்சி தெரில."

கணவர் காட்டுப்பள்ளியில் டிரெய்லர் ஓட்டுபவர். அதிகம் பேசாதவர். "ஒரு மாசம் வேலைய வுட்டுத்தான் பாரேம்மா," என்றார் அவளிடம்.

"சும்மா வுட்டா எப்டி தெரியும்?" என்றது அவள் குரல். "என்னால எவ்ளோன்னு பாக்கணும். என்னுதுன்னு தெரிஞ்சா நானே தூக்கிப் போட்டுர்றேன்."

அந்த வேலைதான் அவளுடைய எல்லாம் என்று எனக்குத் தெரியும். அதைத் தன் கையாலேயே அளந்து தீர்ப்பு எழுதப் போகிறாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

காற்றில் கலக்கும் வாயுக்களை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். அதற்கான சில்லு மிளகில் பாதிதான் இருக்கும். அதன் கால்கள் அடிவயிற்றில் ஒளிந்திருந்தன. ஒரு காலுக்கும் அடுத்ததற்கும் நடுவே பாப்பா முடி இரண்டு வைக்கலாம், மூன்று வைக்க முடியாது. அவள் செய்ததிலேயே நுணுக்கமான போர்டு அதுதான். நான்கை உடைத்தாள். ஐந்தாவது தேறியது. கருவிக்குக் குழந்தை 'மூக்கு' என்று பெயர் வைத்தது.

மூக்குக்கு முதலில் சுத்தமான காற்று எது என்று காட்ட வேண்டும். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் பொத்தானை அழுத்தினால் அந்தக் காற்றை அது பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். அதற்குமேல் எது கலந்தாலும் எண் ஏறும். அதற்காக ஒன்பது நாள் வேலையை நிறுத்தினாள். அமிலப் புட்டிகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். தரையையும் சுவரையும் கழுவினாள். பத்தாம் நாள் காலை ஆறு பத்துக்குப் படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு வாடை கீதா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் நாட்குறிப்பில் தினமும் காலையில் நான் எழுதுகிறவற்றில் அதுவும் ஒன்று: மேற்கே உள்ள ஆலைகளின் கேஸ் வாடை உண்டு, அல்லது இல்லை. அப்போதே பதினேழு ஆண்டுகளாக எழுதிவந்தேன். வாடை இருந்தால் மேற்குச் சன்னலைச் சாத்துவேன், இல்லையென்றால் திறப்பேன்.

வராந்தாவில் நின்று மூச்சை இழுத்தேன். "இல்ல பிள்ள."

"நல்லா பாத்து சொல்லுக்கா. உன் மூக்குதான் கரெக்டு. எழுதி வெக்கிறவ நீ."

இன்னொரு முறை இழுத்தேன். மேற்கேயிருந்து காய்ந்த காற்று முகத்தில் பட்டது. "இல்லவே இல்ல. அழுத்து."

அவள் அழுத்தினாள்.

மறுநாள் புட்டிகளைக் கீழே கொண்டுவந்து ஒரு போர்டு செய்தாள். எண் ஒன்று, மூன்று என்று ஏறி ஐந்தில் நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அஞ்சுன்னா எவ்வளவு பிள்ள? அதிகமா?"

"தெரிலக்கா. ஆனா பூஜ்யம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து குழந்தையை மாதவரத்துக்கு அழைத்துப்போனார். துணிப்பை, பள்ளிப்பை, மருந்தை இழுக்கும் குழாய் எல்லாம் இவளே எடுத்து வைத்தாள். சீப்பை மட்டும் வைக்கவில்லை. அதில் சிக்கியிருந்த முடிகளைக் காகிதத்தில் மடித்து, கண்ணாடி வைக்கும் டப்பாவில் போட்டாள்.

இரண்டாவது வாரம் மாதவரத்திலிருந்து போன். இருமல் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்குகிறது. மாடிக்கு ஓடுகிறது. நாத்தனாரின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. "இப்பனாச்சும் தெரிதா?"

"தெரிது அண்ணி," என்றாள் இவள்.

மேற்கொண்டு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கும்தான். அம்மாவின் பக்கத்தில் இருந்தால் இளைக்கிறது, விலகினால் நிற்கிறது. இதைவிட நேரான கணக்கு என்ன வேண்டும்? அவள் ஊதா விளக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். குறடை மட்டும் வெளியே விட்டிருந்தாள். வாங்கிய வேலைகளைத் திருப்பிக் கொடுத்தபோது படகுக்காரர், "வேற எவன்மா கீறான் இத்த செய்ய?" என்று வாசலிலேயே நின்றார். அவள் மெஷினைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

அவளும் மாதவரத்துக்கே போய்விடுவதாக ஏற்பாடு. ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பயம். "என் துணில, தலையில ஆசிட்டு ஒட்டிகினு வந்து அங்கியும் புள்ளைக்கு ஆவாம போச்சின்னா?" அதனால் மகளைப் பார்க்கப் போகும்போது மூக்கையும் எடுத்துப்போனாள். தன்னைத்தானே அளந்துகொள்ள.

அன்று இரவு எட்டு இருபதுக்குத் திரும்பி வந்து, என் வாசலில் உட்கார்ந்து சொன்னாள். அங்கே எடுத்து வைத்ததும் எண் இறங்கத் தொடங்கியதாம். பூஜ்யத்துக்குக் கீழே போய் மைனஸ் நாற்பத்தொன்றில் நின்றதாம். "போர்டு லீக்காவுதுக்கா. கோட்டுக்கு நடுவுல எங்கியோ செம்பு மிச்சம் வுட்டுட்டேன். தப்பு என் கையில." நாத்தனார் வீட்டுப் பாக்குவெட்டியாலேயே அதை உடைத்திருக்கிறாள். மூக்கை உடைத்துவிட்டார்கள் என்று குழந்தை அழுததாம்.

விளக்கை மறுபடி எடுத்து, காகிதத்தில் இருந்த முடியை வைத்து அளந்து, இரண்டாவது மூக்கைச் செய்தாள். ஒரு காலை, அதே ஆறு பத்து. வாடை கீதாக்கா என்றாள். இல்லை என்றேன். அடுத்த ஞாயிறு மாதவரத்தில் மைனஸ் நாற்பது. அதையும் உடைத்தாள். "எனக்குக் கை போய்டுச்சுக்கா," என்றாள். "கையும் போச்சு, புள்ளையும் அங்க கீது."

அதே போலப் பூஜ்யம் வைத்த மூன்றாவது மூக்கோடு அவள் கிளம்பிய ஞாயிறு, நானும் உடன் போனேன். குழந்தையைப் பார்க்கத்தான்.

மாதவரத்தில் காற்று சுத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இறங்கியதும் தொண்டையில் டீசல். குழந்தை தெருமுனையிலிருந்து ஓடி வந்து, மூச்சு வாங்காமல், "அத்த வூட்ல நாய் குட்டி போட்ச்சி பெரிம்மா, நாலு, ஒண்ணு கருப்பு," என்று ஒரே மூச்சில் சொன்னது. நான் அந்த வாக்கியத்தின் நீளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் ஸ்டூல்மேல் மூக்கை வைத்தாள். பூஜ்யம். மைனஸ் ஆறு. மைனஸ் பத்தொன்பது. அவள் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பைக்குள் கையை விட்டாள். குறடு எடுக்கிறாள் என்று தெரிந்தது. மைனஸ் முப்பத்தெட்டு. மைனஸ் நாற்பத்தொன்று. நின்றது.

என் வேலை என்னவென்று சொல்லவில்லை. கன்டெய்னர் யார்டு ஒன்றில் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். லாரி மேடையில் ஏறும், எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன், இறங்கும். எண் கூடும், குறையும், மைனஸ் வராது. ஒரே ஒரு சமயத்தில்தான் வரும். மழைக்காலத்தில் மேடையில் சேறு அப்பிக் கிடக்கும்போது, அதைக் கவனிக்காமல் பூஜ்யப் பொத்தானை அழுத்திவிட்டால், சேற்றோடு சேர்த்து மேடை அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பையன்கள் மதியம் சேற்றை வாரிப் போட்டதும் காலி மேடை மைனஸ் எழுபது கிலோ என்று காட்டும். மேடையில் கோளாறு இருக்காது. அழுத்தியபோது அதன்மேல் ஏதோ நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எழுந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நான் யாரையும் தொட்டுப் பேசுகிறவள் அல்ல.

"உடைக்காத பிள்ள. போர்டு சரியா இருக்கு. மூணும் சரியாத்தான் இருந்திருக்கு."

"மைனஸ் காட்டுதேக்கா."

"பூஜ்யம் வச்ச இடம் தப்பு. நம்ம வீட்டுக் காத்துல சேறு இருந்திருக்கு. அதை நாம பூஜ்யம்னு சொல்லிட்டோம்."

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா அது, புரியிற மாரி சொல்லு."

எடைமேடையை வைத்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்ப இவ ஆசிட்டு எவ்ளோ?"

"அஞ்சு."

"ஒண்ணும் செய்யாத நாளு, அங்க தெருவுல வர்ற காத்து?"

"இங்க இருக்கறதைவிட நாப்பத்தொண்ணு ஜாஸ்தி. இங்கயும் லாரிப் புகை இருக்கு. அதையும் சேர்த்தா இன்னும் எவ்வளவோ."

அவர் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் குந்தினார். "நானும் என் தம்பியும் திருவொத்தியூர்லதான பொறந்து வளந்தோம்," என்றார். எங்களோடு வந்திருந்த தம்பி, அவள் கணவர், வாசற்படியில் நின்றிருந்தார். அவர் தன் மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். கை வைத்தது தெரிந்து உடனே எடுத்துவிட்டார்.

எனக்குள் ஓடியது வேறு. காய்ந்த காற்று, மேற்கேயிருந்து வருவது, படலம் நன்றாக ஒட்டுவது. அவள் வேலைக்கு நல்ல காற்று என்று நம்பியது, மேற்கே வரிசையாக நிற்கும் ஆலைகளைத் தாண்டி வருகிற காற்று. அந்த நேரம் பார்த்துச் சன்னலைத் திறந்தோம். அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தினோம்.

அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவாவது செய்வாள், விடுதலை கிடைத்ததல்லவா?

"ஆனா அந்த அஞ்சு என்னுதுதான்," என்றாள்.

நாத்தனாரே சொன்னார்: "போதும் வுடும்மா. நான்தான் வாய் வுட்டுட்டேன்."

"இல்ல அண்ணி. நாப்பத்தொண்ணு எவன்துன்னு எனக்குத் தெரியாது. அஞ்சு யார்துன்னு தெரியும்."

திரும்பும் பேருந்தில் அவளிடம் சொன்னேன். சொல்வதற்குள் மூலக்கடை தாண்டிவிட்டது. "வாடை இல்லன்னு சொன்னது நான் பிள்ள. மூணு தடவையும் நான்தான் சொன்னேன்."

"உன்னியக் கேட்டது யாரு? நான்தான? மூக்கச் செஞ்சிட்டு மனுச மூக்கக் கேட்டேன் பாரு. தப்பு என்னுதுக்கா."

எனக்குச் சுரீரென்றது. துணிக்கொடி அறுந்த அன்று வந்த நிம்மதி இந்த முறை வரவில்லை. பீடிக்காரரிடமிருந்து அவர் தப்பை எடுத்துக்கொண்டாள்; என் கயிற்றை எடுத்துக்கொண்டாள்; யாருடையது என்றே தெரியாத காற்றில் தன் பங்கைத் தனியே பிரித்து எடுத்துக்கொண்டாள். அவளை அன்பானவள் என்று இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன். அன்பானவள்தான். ஆனால் அவள் அருகில் இருக்கும்வரை வேறு யாரும் தங்கள் தப்பைக் கையில் வைத்துப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் வாங்கி, குறடால் உடைத்து, குப்பையில் போட்டுவிடுவாள்.

அந்த மாதமே காலி செய்துகொண்டு போனார்கள். மாதவரத்தில் வீட்டுக்குள் ஈயம்கூட உருக்குவதில்லையாம். தெரு தள்ளி ஒரு ஷெட் எடுத்துச் செய்கிறாள் என்று படகுக்காரர் சொன்னார். அவள் பங்கு அந்த அஞ்சு இருக்கிறதே. அவர்கள் போனது ஆறு ஆண்டுக்கு முன்பு. பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

போகிற அன்று மூக்கை என்னிடம் கொடுத்தாள். மாதவரத்தில் பூஜ்யம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "அதுவும் சரியான பூஜ்யம் இல்லக்கா. அதுக்கு எங்க போறதுன்னு தெரில. இத்த வெச்சிக்க," என்றாள்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு மேற்குச் சன்னலைத் திறந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல முதலில் நாட்குறிப்பில் எழுதினேன்: 'வாடை இல்லை.' பிறகு மூக்கைப் பார்த்தேன். நாற்பத்துமூன்று.

அதுவரை எழுதிய பதினேழு ஆண்டுக் குறிப்பேடுகளும் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. வாடை உண்டு என்று எழுதிய நாட்களைவிட இல்லை என்று எழுதிய நாட்கள்தான் மிகுதி. எழுதியதை அடித்துத் திருத்தும் வழக்கம் எனக்கு இல்லை, எதையும் அடிக்கவில்லை. அவள் பொத்தானை அழுத்திய அந்தக் காலையின் பக்கத்தை மட்டும் எடுத்து, ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அவள் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் படித்துவிட்டு அதையும் எடுத்துக்கொண்டு போகப் பார்ப்பாள். கொடுப்பதாக இல்லை.

'இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இல்லவே இல்லை, அழுத்து என்று சொன்னவள் நான். இந்தத் தப்பு என்னுடையது.'